நடத்தை: நன்று

குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால் பள்ளி அலுவலகத்தில் இருக்கும் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. தலைமையாசிரியர் போவார், கூட இரண்டு ஆசிரியர்கள் போவார்கள். நாங்கள் பயணப்படி பில் போடுவோம். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்து, அதற்குப் பள்ளி என்ன செய்தது என்ற கேள்வி எழும்போது, அதற்கான காகிதங்கள் எங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. மாற்றுச் சான்றிதழ், ராஜினாமா கடிதம், வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு. நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் தூசி தட்டி எடுத்துக் கொடுப்பதும் நாங்கள்தான்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் உதவியாளராக இருக்கிறேன். அதற்கு முன்பு ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு பள்ளி ஒரு விஷயத்தை மறைத்தால் அது காகிதத்தில் எப்படித் தெரியும் என்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

2009-ல் அங்கே சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். வேறொரு ஊர்ப் பள்ளியிலிருந்து போன் வந்தது. எங்களிடம் முன்பு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் அங்கே விண்ணப்பித்திருக்கிறார், அனுபவச் சான்றிதழ் உண்மையானதுதானா என்று கேட்டார்கள். மேலாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, "உண்மைதான், நல்லா வேலை பார்த்தவர்" என்று சொல்லிப் போனை வைத்தார். தண்ணீர் வைக்க வந்த ஆயா அக்கா, மேலாளர் வெளியே போனதும் என்னிடம், "அந்த ஆளுக்கா நல்ல பேரு குடுக்காக?" என்றார். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பாவும் அம்மாவும் வந்து தாளாளர் அறையில் வெகுநேரம் அழுததை அவர் சொன்னார்.

அன்று சாயங்காலம் கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். அரையாண்டுத் தேர்வுக்குச் சில நாள் முன்பு அந்தப் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் "பெற்றோர் விருப்பம்". அதே வாரத்தில் ஆசிரியரின் ராஜினாமா, "சொந்தக் காரணங்களுக்காக". ராஜினாமா கொடுத்த நாளிலேயே அனுபவச் சான்றிதழ், அதில் "நடத்தை: நன்று". பிறகு ஒரு வவுச்சர், அந்த வருடம் கட்டிய ஃபீஸ் முழுவதையும் பெற்றோருக்குத் திருப்பித் தந்ததாக. ஃபீஸைத் திருப்பிக் கொடுத்த வவுச்சர் அந்தப் பள்ளியில் வேறு ஒன்றுகூட இல்லை. என்ன நடந்தது என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. புகார் இல்லை, விளக்கக் கடிதம் இல்லை, காவல் நிலையத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ஆனால் நான்கு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எழுதாமல் விட்டது பளிச்சென்று தெரிந்தது.

மூத்த தமிழாசிரியை ஒருவரிடம் சொன்னேன். அந்த ஊரில் தமிழாசிரியைக்குத் தெரிந்தவர்கள் இருந்ததால் அங்கே அந்த ஆசிரியரை எடுக்கவில்லை. ஆனால் அவர் அடுத்து எந்த ஊருக்குப் போனார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் கொடுத்த சான்றிதழ் மட்டும் அவர் கையில் பத்திரமாக இருந்தது. தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் அந்தக் காகிதம் சொன்னதுதான் உண்மை.

அப்போது போக்சோ சட்டம், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், கிடையாது. அது 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவை ஒவ்வொரு பள்ளி ஊழியரும், ஆயா முதல் தாளாளர் வரை, ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், எவராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். ஆதாரம் சேர்த்துக்கொண்டு வா என்று சட்டம் கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை சிறையும் அபராதமும். தலைமையாசிரியர்கள் மறந்துவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். ஒரு தனியார் பள்ளியில் போலியாக என்.சி.சி. முகாம் நடத்தினார்கள். பள்ளி அரங்கத்தில் தங்கியிருந்த மாணவிகளுக்குப் பாலியல் வன்முறை நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்குள் சொல்லியும் அது காவல்துறைக்குப் போகவில்லை. பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி.யோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மரக்கன்று நடும் விழாவுக்குக்கூட வருகிற அமைப்பிடம் கடிதம் வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். பிள்ளைகள் இரவு தங்குகிற முகாமுக்கு, வந்தவர் யார், அவரை அனுப்பியது யார் என்று கேட்க ஒரு கடிதமும் ஒரு போன் அழைப்பும் போதும்.

அதே மாதம் மகாராஷ்டிராவில் பத்லாப்பூர். மழலையர் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குப் பள்ளியிலேயே பாலியல் வன்முறை. புகார் கொடுக்கப் போன பெற்றோரைக் காவல் நிலையத்தில் மணிக்கணக்கில் காக்க வைத்தார்கள். பள்ளியின் சிசிடிவியில் 15 நாள் பதிவுகளைக் காணோம் என்று அந்த மாநிலக் கல்வி அமைச்சரே சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொல்லாததற்காகத் தலைமையாசிரியை மீதும் நிர்வாகிகள் மீதும் வழக்குப் பதிந்தார்கள். பெரும்பாலான பள்ளிகளில் இருக்கும் கேமராப் பெட்டி பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். அதனால் தகவல் கொடுக்கும்போதே எங்கெங்கே கேமரா இருக்கிறது, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதையும் காவல்துறையிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று ஒரு வாரம் தள்ளினால் போயே போய்விடும்.

மகாராஷ்டிராவிலேயே இன்னொரு வழக்கு, சந்திரப்பூர் மாவட்டம் ராஜுராவில் ஒரு பள்ளி விடுதி, பாலியல் வன்முறைக்கு ஆளான பழங்குடிச் சிறுமிகள். அவர்களைப் பார்த்த மருத்துவர் தகவல் சொல்லவில்லை என்று போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது. உடனே, முறையாகத் தகவல் சொல்வது இந்தச் சட்டத்தில் மிக முக்கியம், அது தவறினால் சட்டத்தின் நோக்கமே தோற்றுவிடும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

சரி, ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும்? அதையும் நான் பார்த்திருக்கிறேன். இப்போதைய பள்ளியில் நடந்தது. பிள்ளை யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு மாணவி மதிய இடைவேளையில் தன் வகுப்பு டீச்சரிடம் ஒரு விஷயம் சொன்னாள். செய்தவர் பள்ளிக்கு வெளியே உள்ளவர், வீட்டுக்கு வந்து போகிறவர். டீச்சர் அவளைக் கையோடு எச்.எம். அறைக்குக் கூட்டிவந்தார். வேறு பள்ளியாக இருந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளை அதே கதையை உதவித் தலைமையாசிரியரிடமும், உடற்கல்வி ஆசிரியரிடமும், அப்புறம் அழைத்து வரப்பட்ட அம்மாவிடமும் சொல்லியிருப்பாள். எங்கள் எச்.எம். டீச்சர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சொன்னது நல்லதும்மா. இனிமே நாங்க பாத்துக்கிறோம். நீ திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்" என்றார். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார்.

வகுப்பு டீச்சரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். பிள்ளை சொன்னதை அவள் சொன்ன பேச்சிலேயே எழுதச் சொன்னார். டீச்சர் "பாலியல் சீண்டல்" என்று எழுத ஆரம்பித்தபோது தடுத்தார். "அவ அப்படியா சொன்னா? அவ சொன்னதை எழுதுங்க." எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், பக்கத்தில் யார் இருந்தார்கள், டீச்சர் ஏதாவது கேட்டிருந்தால் அந்தக் கேள்வி என்ன என்பதையும் எழுத வைத்தார். பிள்ளையின் குணம், குடும்பம், படிப்பு பற்றி ஒரு வரி கிடையாது. கீழே கையெழுத்து, தேதி, நேரம். அடித்தல் திருத்தல் இருந்த ஓர் இடத்தில் சுருக்கொப்பம். நான் பல வருடமாகக் கோப்பு எழுதுகிறேன். அவ்வளவு சுத்தமான ஒரு பக்கத்தை அதிகம் பார்த்ததில்லை.

அது எழுதி முடியும் முன்பே எச்.எம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசிவிட்டார். அப்புறம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம். தட்டச்சு செய்தது நான். விசாரித்ததில் தெரியவந்தது, சந்தேகிக்கப்படுகிறது, உண்மை எனத் தெரிகிறது போன்ற சொற்கள் எதுவும் வேண்டாம் என்றார். "இந்த மாணவி இன்ன நேரத்தில் இன்னாரிடம் சொன்னார், எழுதிய தாள் இணைப்பு" என்று மட்டும். அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வந்தார். கொடுக்கிற தகவலுக்கு ஓர் எண் போட்டு எழுத்தில் பதிய வேண்டும் என்பதும் 19-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த எண்ணை வாங்காமல் வந்தால், "நாங்க சொன்னோம்", "எங்ககிட்ட யாரும் சொல்லலை" என்ற சண்டைதான் மிஞ்சும்.

போலீஸ் பள்ளிக்கு வரவில்லை. பெண் எஸ்.ஐ. ஒருவர் சேலையில் பிள்ளையின் வீட்டுக்குப் போனார். சீருடையில் வரக்கூடாது, குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்புகிற இடத்திலோ வைத்துத்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது. பள்ளி வாசலில் ஜீப் நிற்கும், பேர் கெட்டுவிடும் என்று பயப்படுகிற நிர்வாகங்களுக்காகவே இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

அடுத்து என் வேலை. இந்தக் காகிதங்களை எங்கே வைப்பது? அனுப்புகைப் பதிவேட்டில் ஒவ்வொரு கடிதத்தையும் பொருளோடு பதிவோம், அதை அலுவலகத்துக்கு வருகிற எவரும் எட்டிப் பார்க்கலாம். அதனால் ந.க. எண் (கோப்புக்கான எண்) போட்டு, பொருள் என்ற இடத்தில் "மாணவர் பாதுகாப்பு, ரகசியம்" என்று மட்டும் எழுதினோம். பெயரோ வகுப்போ இல்லை. நகல்கள் எல்லாம் ஓர் உறையில் போய், ஓரத்தில் எச்.எம். கையெழுத்தோடு ஒட்டப்பட்டு, அவர் சாவியில் இருக்கும் பீரோவுக்குள் போயின. பிள்ளை மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போன நாட்களுக்கு வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்று மட்டும் குறித்தோம், காரணம் எழுதவில்லை. அந்தத் தேதிகள் உறைக்குள் இருந்த தாளில் தனியாக இருந்தன. ஆண்டு முடிவில் வருகை நாட்கள் குறைந்த பேச்சு வந்தபோது எச்.எம். அதைப் பார்த்து முடிவெடுத்தார்.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். பள்ளிகளில் பாதிக் காகிதங்கள் காணாமல் போவது இந்த இடத்தில்தான். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் மேஜை, நாற்காலி, ஆய்வகச் சாமான், கணினி எல்லாம் வரும். அதே பட்டியலில் "முத்திரையிட்ட ரகசிய உறை" என்று ஒரு வரி சேர்த்து, புதியவரிடம் கையெழுத்து வாங்கினோம். வழக்கு வருடக்கணக்கில் போகலாம். விசாரணையை முடிந்தவரை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறை அப்படி இல்லை. சம்மன் வரும்போது அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் உறை அங்கே இருக்க வேண்டும்.

ரகசியம் என்பதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது என்கிறது 23-ஆம் பிரிவு. "பேர் வெளிய வரக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது" என்று இதைக் காட்டி, காவல்துறைக்கே சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியதைக் காதால் கேட்டேன். ஊருக்குத் தெரியாமல் காப்பதும் காவல்துறைக்கு மறைப்பதும் ஒன்றாகிவிடாது.

பதிவேடு பற்றிப் பேசும்போது சேர்க்கைப் பதிவேட்டை விட முடியாது. ஒரு போக்சோ வழக்கின் தலையெழுத்தே அதில் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்று நிரூபித்தால்தான் இந்தச் சட்டமே பொருந்தும். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 94-ஆம் பிரிவின்படி முதலில் பார்ப்பது பள்ளி தருகிற பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ். அது இல்லை என்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தருகிற பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால்தான் வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை. 2023 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அந்தப் பட்டியலில் இல்லாத மாற்றுச் சான்றிதழையும் சேர்க்கைப் பதிவேட்டு நகலையும் மட்டும் வைத்து வயதை நிரூபிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, போக்சோ தண்டனையை ரத்து செய்தது.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். பழைய பக்கங்களில் ஜூன் முதல் வாரத்துப் பிறந்த தேதிகள் எத்தனை! ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பள்ளியே பிறந்த நாள் வைத்துவிடுகிற பழக்கம் ஊர் அறிந்தது. பாட்டி வாய்மொழியாகச் சொன்ன தேதி, தாத்தாவின் கைநாட்டு. இப்போது நாங்கள் பிறப்புச் சான்றிதழின் எண்ணையும், அதைக் கொடுத்த அலுவலகத்தையும் பதிவேட்டிலேயே குறிக்கிறோம், நகலைத் தனிக் கோப்பில் வைக்கிறோம். சேர்க்கை நேரத்துக் கூட்டத்தில் இது தொல்லைதான். "பிறகு கொண்டு வாங்க" என்று சொல்லத் தோன்றும். அந்தப் பிள்ளைக்கு நாளை ஒன்று நேர்ந்து, வயதை நிரூபிக்க வழியில்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டால் தொல்லை குறைந்துவிடும்.

வருகைப் பதிவேடும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் மீண்டும் கிருஷ்ணகிரி மாவட்டம், ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் கைதான வழக்கு வெளியே வந்தது எப்படி? மாணவி நாள்கணக்கில் வரவில்லை என்று தலைமையாசிரியர் வீடு தேடிப் போய்க் கேட்டதால். இரண்டாவது வாரமே பெயரை அடித்துவிட்டு "இடைநிற்றல்" என்று எழுதியிருந்தால் அது அதோடு புதைந்திருக்கும்.

ஒன்றில் எனக்கும் சங்கடம் உண்டு. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்த விஷயமும் இதே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றமே இதைப் பற்றிக் கவலை சொல்லியிருக்கிறது. அதைச் சட்டம் இயற்றுகிறவர்கள் தீர்க்கட்டும். எது காதல், எது மிரட்டல் என்று அலுவலக அறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் தகுதி எங்களில் யாருக்கும் இல்லை. "அது லவ் மேட்டர்" என்று ஒதுக்கப்பட்டவற்றில் முப்பது வயதுக்காரர் இருந்ததையும் நான் அறிவேன்.

அனுபவச் சான்றிதழுக்குத் திரும்புகிறேன். 2020-ல் வந்த போக்சோ விதிகளின்படி, குழந்தைகளோடு பழகும் ஊழியர் எவராக இருந்தாலும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் முந்தைய பள்ளி புகாரே கொடுக்காமல் ராஜினாமா வாங்கி அனுப்பியிருந்தால் காவல்துறைச் சரிபார்ப்பில் என்ன வரும்? "வழக்கு எதுவும் இல்லை" என்றுதான் வரும். வேன் ஓட்டுநர், கராத்தே மாஸ்டர், கோடை முகாம் பயிற்சியாளர் என்று வருகிறவர்களுக்கு அந்தச் சான்றிதழ்கூடக் கேட்பதில்லை.

தாளாளர்களிடம் நான் கேட்பது இதுதான். புகார் வந்த ஊழியரின் ராஜினாமாவை வாங்கிக்கொள்ளும் முன்பு காவல்துறைக்குத் தகவல் போயிருக்க வேண்டும். ராஜினாமா ஏற்பு ஆணையில் அந்தத் தகவலின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை மட்டும் போதும், நடத்தைக்கு நற்சான்று வேண்டாம். இன்னொரு பள்ளி போன் செய்து கேட்டால், "எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் தருகிறோம்" என்று சொல்லி, வழக்கு நிலுவையில் இருந்தால் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஆள் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். வழக்கு இருக்கிறது என்பது நடந்த விஷயம், அதை மறைக்க நமக்கு உரிமை இல்லை.

அலுவலகத்தில் என்னைப் போல வேலை பார்க்கும் அக்கா தங்கைகள், அண்ணன் தம்பிகள் இதைப் படித்தால், உங்கள் தலைமையாசிரியர் "விடுங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லும் நாள் வரலாம். 19-ஆம் பிரிவு தலைமையாசிரியரை மட்டும் குறிப்பிடவில்லை. பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நீங்களே பேசலாம், 1098-க்கும் சொல்லலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-ம் இருக்கிறது, ஆனால் அங்கே சொன்னது காவல்துறைக்குச் சொன்னதாக ஆகாது. அப்படிப் பேசினால் தேதி, நேரம், எதிர்முனையில் பேசியவர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளிக் கோப்பில் இல்லாமல் உங்கள் வீட்டில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நகலிலும் பிள்ளையின் பெயர் வேண்டாம், காவல் நிலையம் தந்த எண் போதும்.